ஈரப்பலா கடல் கடந்த வரலாறு

மலாய்க் கம்பங்களின் ஓரத்திலும், நம்மவர் குடியிருக்கும் சில வீடுகளின் கொல்லைப்புறத்திலும், விரல்களை விரித்த கைபோலப் பிளந்த பெரிய இலைகளையுடைய மரமொன்று நிற்பதை அன்பர்கள் பலரும் கண்டிருப்பர். மலாய்க்காரர் அதனைச் சுக்குன் என்பர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் ஈரப்பலா என்பர். தமிழ்நாட்டில் சீமைப்பலா என்றும் கறிப்பலா என்றும் வழங்குவர். மலையாளத்தார் கடச்சக்கை என்பர். கடல் வழியாக வந்த சக்கை என்று அதற்குப் பொருள் கூறுவாரும் உளர். அதன் காயை மெல்லியதாக அரிந்து, மாவில் தோய்த்து, எண்ணெயிலிட்டுப் பொரித்து, மாலைத் தேநீருடன் தின்பதோடு அம்மரத்திற்கும் நமக்குமுள்ள உறவு முடிந்துவிடுகிறது.

இந்த மரத்தின் கன்றுகளைக் கொண்டுவருவதற்கென்றே ஆங்கில அரசு உலகின் மறுகோடிக்கு இருமுறை கப்பல் அனுப்பியது. முதற் கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து, தலைவனைப் படகிலேற்றிக் கடலில் விட்டனர். அக்கலகத்தைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. சினிமாப் படங்களும் வந்துள்ளன. கப்பலின் பெயரையும் தலைவனின் பெயரையும் உலகம் அறியும். கன்றுகள் யாருடைய வயிற்றுக்காக ஏற்றப்பட்டன என்ற கேள்வியை மட்டும் அக்கதைகளைக் கேட்போர் பெரும்பாலும் கேட்பதில்லை. தோட்டத்துக் கூலியால் வளர்ந்த சமூகத்தினராகிய நாம் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

பலாவும் ஈரப்பலாவும் ஒரே குலம்; இந்நாட்டுச் செம்படாக்கும் அக்குலமே. 1776-ஆம் ஆண்டில் ஃபார்ஸ்டர் எனும் ஜெர்மானியத் தந்தையும் மகனும் அக்குலத்துக்கு ஆர்ட்டோகார்ப்பஸ் என்று பெயரிட்டனர். அதன் கிரேக்கப் பொருள் ரொட்டிப் பழம் என்பது. ஆகவே, நம் முக்கனிகளுள் ஒன்றாகிய பலாவும் விஞ்ஞானிகளின் ஏட்டில் ரொட்டிப் பழத்தின் உறவாகவே பதிவாகியிருக்கிறது. பெயரிடும் உரிமை யாருக்கு இருந்ததென்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இதன் காட்டு மூதாதை நியூகினித் தீவில் இன்றும் வளர்கிறது. அதன் பழம் நிறையக் கொட்டை. பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் பயனாகக் கொட்டை குறைந்தும், பின்னர் கொட்டையே இல்லாமலும் போன வகைகள் தோன்றின. கொட்டையில்லா மரம் தானாகப் பரவாது. பறவையும் அதனைக் கொண்டுசெல்லாது, கடலலையும் கொண்டுசெல்லாது. தாய்மரத்தின் வேரிலிருந்து கிளைக்கும் கன்றைப் பெயர்த்து, வாடாமற் காத்து, மனிதன் எடுத்துச் சென்றாலன்றி மற்றொரு தீவில் அது முளைக்க வழியில்லை. பசிபிக் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான மைல்களுக்கிடையே சிதறிக்கிடக்கும் தீவுகளில் இம்மரம் நிற்கிறதென்றால், திசைகாட்டியும் இரும்பாணியும் இல்லாத தோணிகளில் அத்தீவினர் அதனைப் பிள்ளையைப்போல் ஏந்திச் சென்றனர் என்பது பொருள்.

மொழியும் அதற்குச் சாட்சி கூறுகிறது. ஹவாய்த் தீவிலும் சமோவாவிலும் அம்மரத்தின் பெயர் உலு, தாஹித்தியில் உரு. மலாய் மொழியில் கொட்டையுள்ள வகைக்குக் கெலூர் என்று பெயர். இவை யாவும் ஒரே பழஞ்சொல்லின் கிளைகளென்று மொழிநூலார் நிறுவியுள்ளனர். மலாய்க்காரரும் ஹவாயரும் தொலைதூர உறவினர் என்பதை ஒரு காயின் பெயர் இன்றும் காட்டி நிற்கிறது. (உரு என்ற சொல்லைக் கண்டதும் தாஹித்தியும் தமிழகத்தின் பகுதியே என்று நிலைநாட்டப் புறப்படும் அன்பர் எவரேனும் இருப்பின், சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். ஒலி ஒத்திருப்பதெல்லாம் உறவாகிவிடாது.)

இம்மரத்தைப் பற்றித் தாஹித்தி மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதையொன்று உண்டு. ராயாத்தேயா தீவில் கொடிய பஞ்சம் வந்தது. உண்ண ஏதுமின்றி மக்கள் செம்மண்ணைத் தின்றனர். ரூவா தாஆத்தா என்பவன் தன் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மலைப் பள்ளத்தாக்கிலிருந்த குகையொன்றிற் போய்த் தங்கினான். பிள்ளைகள் பசியால் மெலிவதைக் கண்டு பொறாதவனாய், ஓரிரவு தன் மனைவியிடம் விடைபெற்று வெளியே சென்றான். விடிந்து அவள் வந்து பார்த்தபோது குகையின் வாயிலில் மரமொன்று நின்றது. அவன் உடல் அடிமரமாகவும், கைகள் கிளைகளாகவும், விரித்த விரல்கள் இலைகளாகவும், தலை பழமாகவும் ஆகியிருந்தன. பழத்தின் நடுத்தண்டு அவன் நாக்கு. அவள் அழுதுகொண்டே பழத்தைச் சுட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டினாள். ஹவாய்த் தீவிலும் இதனையொத்த கதை உண்டு; அங்கே பூமிக்குள் இறங்கி மரமானவன் கூ எனும் கடவுள், மானிடப் பெண்ணை மணந்து வாழ்ந்தவன்.

கதையைக் கதையென்று அறிந்தே கூறுகிறேன். ஆயினும் நம் புராணங்களில் பிள்ளைக்கறி கேட்ட கடவுளரை எண்ணிப் பார்க்கும்போது, தன்னையே பிள்ளைகளுக்கு உணவாக்கிய தகப்பனைக் கற்பித்த மக்கள்மீது எனக்கு மதிப்பு உண்டாகிறது. அம்மரத்தில் அவர்கள் கண்டது வெறும் காயை அன்று. தகப்பனைக் கண்டார்கள்.

இனி அம்மரத்தால் அவர்கள் பெற்ற பயன்களைக் காண்போம். முதலாவது உணவு. நன்கு வளர்ந்த மரம் ஆண்டொன்றுக்கு ஐம்பது முதல் நூற்றைம்பது காய்கள்வரை தரும். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோ நிறையுள்ளது. முற்றிய காயை நெருப்பில் முழுதாகச் சுட்டு, கருகிய தோலை நீக்கி உண்பர். மண்ணிற் குழி தோண்டி, காய்ச்சிய கற்களை இட்டு, இலைகளால் மூடி வேகவைப்பதும் உண்டு. வெந்ததைக் கல்லுலக்கையால் இடித்துக் களியாக்குவர்.

தாஹித்தியில் கார்த்திகை மீன்களை மாத்தாரியி என்பர். அச்சொல்லிலுள்ள மாத்தா என்பதற்கு மலாயிலும் கண் என்றே பொருள். நவம்பர் மாதத்து அந்திப்பொழுதில் அம்மீன்கள் கீழ்வானில் தோன்றினால் விளைவுக் காலம் தொடங்கியதென்றும், மே மாதத்தில் அவை மறைந்தால் குறைவுக் காலம் தொடங்கியதென்றும் கணக்கிடுவர். நாம் விளக்கேற்றும் அதே மீன்கள்தாம் அவை. அவர்களுக்கு அவை அடுப்பின் மீன்கள்.

விளைவுக் காலம் முடிந்தபின் என்செய்வது? இங்கேதான் அத்தீவினரின் அறிவு விளங்குகிறது. மிகுதியான காய்களைத் தோல் சீவி, நடுத்தண்டை நீக்கி, இலைகள் விரித்த குழியில் அடுக்கி, மேலும் இலைகளிட்டு, கல் ஏற்றி மூடிவிடுவர். அது புளித்துப் பசையாகி, மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் கெடாதிருக்கும். தாஹித்தியில் அதற்கு மாஹி என்று பெயர், சமோவாவில் மாசி. டுரியான் சுளையைப் புளிக்கவைத்த தெம்போயாக்கை உண்டு பழகியவர்களுக்கு அதன் மணத்தைப் பற்றி நான் விளக்க வேண்டுவதில்லை. புயலடித்துக் காய்களெல்லாம் உதிர்ந்துவிட்டால், உதிர்ந்தவற்றைப் பொறுக்கிக் குழியிலிடுவர். மார்க்கீசஸ் தீவுகளில் ஊருக்குப் பொதுவான பெருங்குழிகள் இருந்தன. வறட்சி நீடித்த ஆண்டுகளில் ஊர் பிழைத்தது அக்குழிகளாலேயே. நம் முன்னோர் ஊர்களில் நெற்குதிர் எவ்வாறோ, அவ்வாறே அங்கு இக்குழி.

மரத்தைக் கீறினால் பால் வரும். பால்மரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு இது புதிதன்று. அப்பாலைத் தென்னை நாருடன் சேர்த்துத் தோணியின் இடுக்குகளை அடைத்தனர். ஹவாய்த் தீவினர் அதனைக் கிளைகளிற் பூசிச் சிறு பறவைகளைப் பிடித்து, அவற்றின் இறகுகளால் தலைவர்களுக்குப் போர்வை செய்தனர். அடிமரம் இலகுவானது, கறையான் எளிதில் அரிக்காதது. ஆகையால் தோணியும், வீட்டுச் சட்டமும், முழவும் அதிலிருந்து செய்யப்பட்டன. சமோவாவின் வட்ட வீடுகளின் கூரைக்கு அதன் மரமே விரும்பப்பட்டது. இளங்கிளைகளின் உட்பட்டையை அடித்து விரித்துத் துணியாக்கினர். மெல்லிய துணி வேறொரு மரத்தின் பட்டையிலிருந்து வந்தது, அது தலைவர்களுக்கு. ஈரப்பலாப் பட்டையின் முரட்டுத் துணி பெரும்பாலும் எளியவர்களுக்கு. ஆண்பூங்கதிரை உலர்த்திக் கொளுத்தினால் கொசு அண்டாது. 2012-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அதனைச் சோதித்து, கொசுவை விரட்டும் அமிலங்கள் அதில் உள்ளனவென்று கண்டனர். தீவுப் பாட்டிமார்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தனர்.

இவற்றையெல்லாம் கேட்டு, அத்தீவுகள் குறையொன்றுமில்லாத பொன்னுலகமென்று எண்ணிவிடற்க. அங்கும் மேல் கீழ் இருந்தது. தலைவன் விலக்குப் போட்டால் அவ்வெல்லையில் எவனும் காய் பறித்தல் கூடாது. ஹவாய்த் தீவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்பது கொலைத் தண்டனைக்குரிய குற்றம். ஆணுக்கு ஓர் அடுப்பு, பெண்ணுக்கு ஓர் அடுப்பு. 1819-ல் இரண்டாம் கமேஹமேஹா எனும் இளைய அரசன் பலர் காணப் பெண்களின் பந்தியில் அமர்ந்து உண்டான். அன்றே அவ்விலக்கு ஒழிந்தது. நம் சுயமரியாதை இயக்கத்தார் சமபந்தி உணவுக்காகப் பாடுபட்டதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்தது இது.

நிற்க. ஐரோப்பியர் இம்மரத்தைக் கண்டது 1595-ல், மார்க்கீசஸ் தீவுகளில். ஆங்கிலேயருக்கு இதனை விரிவாக அறிவித்தவர் டாம்பியர் என்ற கடலோடி. 1686-ல் குவாம் தீவில் உண்டு பார்த்து, 1697-ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். 1769-ல் குக் தலைவரின் கப்பலில் தாஹித்தி சென்ற ஜோசப் பேங்க்ஸ் என்ற செல்வர், அங்கு மூன்று மாதம் தங்கி இம்மரத்தை நன்கு ஆராய்ந்தார். வாழ்நாளில் பத்து மரம் நட்டவன், அதற்கு ஒரு மணி நேர உழைப்பே போதும், தன் மக்களுக்கும் பின்வரும் தலைமுறைக்கும் செய்யவேண்டிய கடமையை முற்றும் செய்தவனாகிறான். குளிரில் உழுது வெயிலில் அறுக்கும் நம்மவரோ அவ்வளவு செய்யப் படாதபாடு படுகின்றனர் என்ற கருத்தை அவர் எழுதிவைத்தார்.

எழுதியவர் வியப்பினால் எழுதினார். படித்தவர்கள் வேறு கணக்குப் போட்டனர். உழைக்காமல் உணவு கிடைக்கும் தேசம் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. குழி தோண்டியதும், காய் சீவியதும், நூற்றுக்கணக்கான வகைகளைப் பிரித்தறிந்து காத்ததும் உழைப்பாகக் கணக்கிடப்படவில்லை. வெள்ளைக்காரன் கண்ணில் கீழைநாட்டான் எவ்வாறு சோம்பேறியானான் என்பதைப் பேராசிரியர் சையத் ஹுசைன் அலாதாஸ் 1977-ல் வெளியிட்ட நூலில் மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பினோக்களைக் குறித்து விளக்கியுள்ளார். தாஹித்தியருக்கும் அதே பட்டம் முன்னமே சூட்டப்பட்டிருந்தது.

இப்பொழுது நாம் பசிபிக்கை விட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்ல வேண்டும். ஜமேக்கா, செயின்ட் வின்சென்ட் முதலிய ஆங்கிலத் தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து விற்கப்பட்ட அடிமைகள். கரும்பு விளையும் நிலத்தில் உணவு விளைவிப்பது நட்டமென்பது துரைமாரின் எண்ணம். ஆகவே சோளமும் மாவும் உப்புமீனும் வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தன. 1776-ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலை சாற்றின, போர் மூண்டது, கப்பல் நின்றது. போர் முடிந்த பின்னும், 1783-ல், அமெரிக்கக் கப்பல்கள் அத்தீவுகளுக்கு வருவதை ஆங்கில அரசே தடுத்தது. 1780-க்கும் 1786-க்கும் இடையில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீசி வாழையையும் கிழங்கையும் அழித்தன. 1780 முதல் 1787 வரை ஜமேக்காவில் மட்டும் பட்டினியாலும் அதனால் வந்த நோயாலும் ஏறத்தாழ 15,000 அடிமைகள் மாண்டனர் என்று அத்தீவின் சட்டசபைக் குழுவே கணக்கிட்டது. எஜமானர்களின் சபை எழுதிய கணக்கு அது என்பதை மறவாதிருப்போமாக.

இந்நிலை நமக்கு அந்நியமானதன்று. போருக்கு முன் மலாயா தன் அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்தது. நல்ல நிலமெல்லாம் ரப்பர். 1942-ல் ஜப்பானியர் ஆட்சி வந்து அரிசிக் கப்பல் நின்றபோது தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, கால் வீங்கி, வயிறு ஒட்டி, அதற்கும் மேல் சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துச் செல்லப்பட்டதை நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். விற்பனைப் பயிருக்காக உணவுப் பயிரைக் கைவிட்ட நாட்டில், கப்பல் நின்ற நாளில் முதலிற் பட்டினி கிடப்பவன் தொழிலாளியே. ஜமேக்காவில் நிகழ்ந்ததும் இதுவே.

தொழிலாளிக்கு நிலமும் ஓய்வும் கொடுத்து அவனே பயிரிட்டுக்கொள்ள விடுவது ஒரு வழி. துரைமார் வேறு வழி தேடினர். தோட்டக் கணக்கெழுதும் தொழிலைச் செய்பவனாகையால் அவர்களுடைய மனக்கணக்கு எனக்கு நன்றாகவே விளங்குகிறது. உணவு என்பது செலவுப் பத்தியில் வருவது. விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம், பயிர் செய்ய ஆள்நாளும் செலவாக வேண்டாம், ஒருமுறை நட்டால் ஐம்பது ஆண்டு காய்க்கும் என்றால் அதனினும் நல்ல உணவு எது? தாஹித்தியில் ஒரு மணி நேர உழைப்பால் கிடைத்த ஓய்வு தீவினனுடையது. ஜமேக்காவில் அதே ஓய்வு கரும்புக் காட்டுக்கு உரிய வேலை நேரமாகும். தோட்டக்காரர்கள் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினர், பேங்க்ஸ் அரசனிடம் பேசினார், கப்பல் புறப்பட்டது.

அக்கப்பலின் பெயர் பௌண்டி. தலைவர் வில்லியம் பிளை. 1787 டிசம்பர் 23-ல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, 1788 அக்டோபர் 26-ல் தாஹித்தியின் மாட்டவாய் விரிகுடாவை அடைந்தது. கப்பலின் பெரிய அறை செடிகளுக்கென ஒதுக்கப்பட்டு, ஊற்றிய நீர் வீணாகாதபடி தரைக்கு ஈயத்தகடு பதிக்கப்பட்டிருந்தது. மனிதர்கள் எஞ்சிய இடத்தில் நெருக்கிப் படுத்தனர்.

கன்றுகளைப் பெற்ற விதம் கவனிக்கத்தக்கது. அடிமைகளுக்கு உணவாகக் கொண்டுபோகிறோமென்று பிளை சொல்லவில்லை. எங்கள் அரசர் ஜார்ஜ் உங்களுக்கு இவ்வளவு பரிசு அனுப்பியிருக்கிறாரே, நீங்கள் அவருக்கு என்ன அனுப்பப் போகிறீர்கள் என்று தினா என்ற தலைவனிடம் கேட்டார். தினா தன்னிடமுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவரும்போது ஈரப்பலாவையும் சொன்னான். அதுவே எங்கள் அரசருக்குப் பிடித்தமானது என்றார் பிளை. இவ்வளவு எளிய பொருளா என்று மகிழ்ந்து, வேண்டுமட்டும் தருவதாக அவன் வாக்களித்தான். இதனைப் பிளையே தம் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தம் சாமர்த்தியமாக எண்ணியே எழுதினார் போலும். விருந்தாளி கேட்டான் என்று தகப்பன் மரத்தின் பிள்ளைகளை அள்ளிக் கொடுத்த அம்மக்களுக்கு, அவை எந்தக் காட்டில் நடப்படும், யார் உண்பார் என்பது தெரியாது.

1,015 கன்றுகளுடன் 1789 ஏப்ரல் தொடக்கத்தில் பௌண்டி திரும்பியது. ஏப்ரல் 28 விடியற்காலையில் தொஃபுவா தீவின் அருகே பிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கலகம் மூண்டது. பிளையையும் அவரைச் சார்ந்த பதினெண்மரையும் இருபத்துமூன்று அடி நீளப் படகில் இறக்கிவிட்டனர். கன்றுகள் கடலில் எறியப்பட்டன. அப்படகு 3,600 கடல் மைல் கடந்து, ஜூன் 14-ல் திமோர்த் தீவின் கூப்பாங் துறையை அடைந்ததைக் கடற்பயண அருஞ்செயலென்று போற்றுவர், போற்றத்தக்கதே. கன்றுகளை வளர்த்த தோட்டக்காரர் நெல்சன் அங்கேயே காய்ச்சலால் இறந்தார்.

கலகக்காரர்களை விடுதலை வீரராகக் கொண்டாடுவோரும் உளர். அவர்களுள் ஒன்பது பேர் தாஹித்திப் பெண்களையும் தீவு ஆடவர் அறுவரையும் ஏற்றிக்கொண்டு 1790-ல் பிட்கேர்ன் தீவிற் குடியேறினர். நிலத்தைத் தங்களுக்குள் மட்டும் பங்கிட்டுக்கொண்டு, அந்த அறுவரையும் அடிமைகளாக நடத்தினர். 1793-ல் அந்த ஆடவர் கிளர்ந்தெழுந்து வெள்ளையர் ஐவரைக் கொன்றனர். கொடுங்கோலனை எதிர்த்தவன் தானும் கொடுங்கோலனாகலாம் என்பதைச் சினிமாக்காரர்கள் காட்டுவது அரிது.

அரசு விட்டுவிடவில்லை. 1791 ஆகஸ்டில் பிராவிடென்ஸ், அசிஸ்டன்ட் என்ற இரு கப்பல்கள் பிளையின் தலைமையிலேயே புறப்பட்டன. 1792 ஜூலையில் 2,126 ஈரப்பலாக் கன்றுகள் தாஹித்தியிலிருந்து ஏற்றப்பட்டன. வழியிற் பல பட்டுப்போயின. உயிர் தப்பியவை 1793 ஜனவரியில் செயின்ட் வின்சென்ட் தீவிலும், பிப்ரவரியில் ஜமேக்காவிலும் இறக்கப்பட்டன. ஜமேக்காச் சட்டசபை பிளைக்கு ஆயிரம் கினி பொன் பரிசளித்தது.

அக்கப்பலிற் சென்ற இரு தாஹித்தியரைப் பற்றி எழுதுவார் சிலரே. மைதிதி என்பவன் இங்கிலாந்தை அடைந்து சில வாரங்களில் இறந்தான். பாப்போ என்பவன் மறைந்து கப்பலேறியவன்; கன்றுகளைப் பராமரிக்க ஜமேக்காவில் விடப்பட்டு, அவ்வாண்டே இறந்தான். தன் ஊர் மரத்தோடு அயலூருக்குப் போனான், மரம் வேரூன்றியது. கப்பலின் மற்றொரு தோட்டக்காரராகிய கிறிஸ்டோபர் ஸ்மித், பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகி, மொலுக்கஸ் தீவுகளின் ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைப் பினாங்குக்கு அனுப்பினார், பினாங்கிலேயே இறந்தார். மலாயாவின் முதல் தோட்டங்களுக்குக் கன்று சேர்த்த கை, ஜமேக்காவுக்கு ஈரப்பலா சேர்த்த அதே கை.

மரம் செழித்தது, நான்கைந்து ஆண்டுகளில் காய்த்தது. ஆனால் யாருக்காகக் கொண்டுவரப்பட்டதோ, அவர்கள் அதனை உண்ண விரும்பவில்லை. காய்கள் பன்றிகளுக்குப் போடப்பட்டன. பழக்கமில்லாத சுவையென்று வரலாற்றாசிரியர் பலர் காரணம் கூறுவர். அது மெய்யே, ஆயினும் முழுக் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. ஜமேக்காவில் அடிமைகளுக்கு மலைச்சரிவில் சிறு துண்டு நிலம் விடும் வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் கிடைத்த அரைநாள் ஓய்விலும் அதில் வள்ளிக்கிழங்கும் வாழையும் பயிரிட்டு, உண்டது போக மிஞ்சியதைச் சந்தையில் விற்றனர். உடலே தன்னுடையதல்லாத மனிதனுக்குத் தன்னுடையதென்று சொல்ல இருந்தது அந்தக் கிழங்கும், அதை விற்ற காசும். துரை நட்டுத் துரை கொடுக்கும் காயைத் தின்று, அந்நிலத்தை ஏன் விட வேண்டும்? பங்கீட்டு அரிசியின் சுவையைப் பற்றி நம் பழந்தோட்டத்து மக்கள் முணுமுணுத்ததும் நாக்கினால் மட்டும் எழுந்த முணுமுணுப்பன்று.

1807-ல் ஆங்கிலேயர் அடிமை வாணிபத்தை ஒழித்தனர். 1834-ல் அடிமைமுறை சட்டப்படி நீங்கியது. 1838 ஆகஸ்டு 1-ல் முழு விடுதலை கிடைத்தது. விடுதலை பெற்றோர் தோட்டங்களை விட்டு விலகி, மலைப்புறங்களில் சிற்றூர்கள் அமைத்துக்கொண்டனர். வீட்டுக் கொல்லையில் அவர்கள் நட்ட மரங்களுள் ஈரப்பலாவும் ஒன்று. பாட்டன் பன்றிக்குப் போட்ட காயைப் பேரன் தன் முற்றத்து நெருப்பிற் சுட்டு, உப்புமீனோடு விரும்பி உண்டான். காயும் மரமும் மாறவில்லை. கொல்லை யாருடையது என்பதே மாறியது.

அவர்கள் விட்டுச்சென்ற கரும்புக் காடுகளுக்கு ஆள் தேடியபோதுதான் நம்மவரின் வரலாறு தொடங்குகிறது. 1845-ல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல் ஜமேக்காவை அடைந்தது. 1853 முதல் காரைக்கால், புதுச்சேரித் துறைகளிலிருந்து தமிழர்கள் பிரெஞ்சுத் தீவுகளாகிய மார்ட்டினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கொண்டுபோகப்பட்டனர். இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் தமிழ் பேசுவதில்லை. ஆயினும் அவர்கள் சமைக்கும் மசாலைக் கறிக்குக் கொலம்போ என்று பெயர். குழம்பு என்ற சொல்லே அவ்வாறு திரிந்ததென்பர்.

செயின்ட் வின்சென்டின் தலைநகராகிய கிங்ஸ்டவுனில், 1765-ல் நிறுவப்பட்ட தாவரத் தோட்டம் இன்றும் உள்ளது. பிளை கொணர்ந்த கன்றின் வழிவந்ததென்று ஒரு மரத்தை வருவோர்க்குக் காட்டுகின்றனர். 1979-ல் அத்தீவு விடுதலை பெற்றபோது, அதன் கொடியின் நடுவில் ஈரப்பலா இலை பொறிக்கப்பட்டிருந்தது. 1985-ல் கொடி மாற்றப்பட்டு இலை நீங்கியது. சுட்ட ஈரப்பலாவும் பொரித்த மீனுமே அந்நாட்டின் தேசிய உணவு. அடிமை விடுதலை நாளைக் கொண்டாடும் ஆகஸ்டு மாதத்தில் அங்கே ஈரப்பலா விழாவும் நடைபெறுகிறது. ஊர்தோறும் தெருவில் அடுப்பு மூட்டி, காயை முழுதாக நெருப்பிலிட்டு, தோல் கருகும்வரை திருப்பித் திருப்பிச் சுடுகிறார்கள்.